இரண்டாவது எஞ்சின்

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் என் பட்டறை.
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்
எந்த வள்ளம், யார் கை,
எத்தனை மாதமாய் பிளக் மாற்றவில்லை என்று.

அன்று காலை மேலே போனது வேறு சத்தம்.
இரண்டு தொண்டை, ஒரே சுருதி,
நடுவில் மட்டும் ஒரு சின்ன இழுபறி,
ஒன்றை மற்றொன்று எட்டிப் பிடிப்பதுபோல்.
இரட்டை எஞ்சின் என்றேன், நிமிராமலே.

ததேயுவின் வள்ளம் திரும்பாத இரண்டாம் நாள் அது.
நாலு பேர். ஒரு எஞ்சின்.

எங்கள் மாவட்டத்தில்
அது இறங்க ஓர் இடம் கிடையாது.
இறங்காமலே பழக்கமாகிவிட்டது;
மீன் ஏலம் விடுகிற மேரி றோசிலி கூட
தோர்னியர் வருது என்பாள், பஸ் வருது என்பதுபோல்.

ராத்திரி உறக்கம் வராமல்
போனில் அதைப் பற்றி வாசித்தேன்.
பட்டறைக்காரன் வேறெங்கே போய் ஆறுதல் தேடுவான்?

ஜெர்மனியில் வரைந்தார்களாம்.
புது இறக்கையை முதலில்
ஒரு பழைய விமானத்தின் முதுகில் மாட்டிப்
பறக்கவிட்டுப் பார்த்தார்களாம்.
நானும் அப்படித்தான்,
கிறாசியானின் மக்கிப்போன வள்ளத்தில்தான்
புது விசிறியைச் சோதிப்பேன்.
பிறகு உடம்பைக் கட்டினார்கள்:
முரல்மீன் மூக்கு வைத்த ஒரு பெட்டி.
அழகுக்கு யாரும் மெனக்கெடவில்லை.
ரொம்ப உயரம் போக வேண்டியதில்லை,
ஆகவே காற்றடைத்த உருளை வேண்டாம்.
சுவர் நேராய் இருந்தால்
சாக்கு அடுக்கலாம், நோயாளியைப் படுக்கவைக்கலாம்,
பத்தொன்பது பேரை உட்காரவைக்கலாம்,
கதவைத் திறந்து தெப்பத்தைத் தள்ளிவிடலாம்.
இறக்கை தலைக்கு மேலே;
கீழே தேடுகிறவன் கண்ணை
எதுவும் மறைக்கக் கூடாதே.
இங்கே அதைத் தட்டிச் சேர்ப்பது கான்பூரில்,
கடலையே பார்க்காத ஊரில்.

மடி வளைக்கிற மாதிரிதான் தேடுகிறது.
போய், திரும்பி,
கொஞ்சம் தள்ளி, மறுபடி போய்.
கண்ணி ஒவ்வொன்றும் மைல் கணக்கு.
அந்தக் கண்ணியில் ஒரு மனிதத் தலை
எவ்வளவு இருக்கும்?
ஒரு தேங்காய்.
கழன்றுபோன ஒரு மிதப்பு.
சூரியன் எதிரே நின்றால் அதுவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம்
கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில்
மூன்று பேரைக் கண்டது.
வட்டமடித்தது, தெப்பம் போட்டது,
ஒரு சரக்குக் கப்பல் வரும்வரை போகவில்லை.

உப்பில் வெந்த உதட்டோடு மார்சலின் சொன்னான்:
“மொத தடவையும் நேர் மேலதான் போச்சு அண்ணே.
சட்டையக் கழத்தி வீசினோம். பாக்கல.
நாங்க அழுதோம். ததேயு மட்டும் சொன்னான்,
ரெண்டு எஞ்சினாக்கும்டே அதுக்கு,
திரும்பி வரும்.”

வந்தது.
அதற்கு முந்தின ராத்திரி
அவன் கை விட்டிருந்தது.

தபசுகாலத்தில் என்னிடம் வந்தான் ததேயு.
மூலையில் கிடந்த எட்டுக்குதிரை எஞ்சினைக் காட்டி
கடனாகக் கேட்டான்.
பழைய பாக்கியே பதினோராயிரம் நின்றது.
ஒன்றுக்கே மண்ணெண்ணெய் ஊற்ற வழியில்லை,
இரண்டாவது எதற்கு என்றேன்.
“கடல்ல வச்சு நின்னு போனா?”
நான் சரிபண்ணின எஞ்சின் நிக்காதுடே, போ.

அது இன்னும் இங்கேதான் இருக்கிறது.
சனிக்கிழமை தோறும்
தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கயிறு இழுக்கிறேன்.
முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது.
டிரம் நிறையச் சுழி, நுரை, புகை;
ஓர் அங்குலம் நகர்வதில்லை.

மார்சலின் வாசலில் நின்று
அதன் விலையைக் கேட்கிறான்.
மேலே போகிற சத்தத்தில்
எந்தப் பக்க எஞ்சின் பிந்துகிறது என்று சொல்லக்கூடிய நான்,
கேட்கவில்லை என்பதுபோல்
கையைக் காதருகே வைக்கிறேன்.